தொங்கு படுக்கையும் இயற்கைக் காப்பும்

காட்டிலும் மலையிலும் பாசறை அமைத்துத் தங்குவோர் சிலர், இரு மரங்களுக்கிடையே துணியையோ வலையையோ கட்டி அதில் உறங்குவர். இத்தொங்கு படுக்கை, அமெரிக்க வெப்ப நிலங்களின் தொல்குடி மக்கள் உலகிற்கு அளித்த கொடையாகும். 1492 ஆம் ஆண்டில் பகாமா தீவுகளை அடைந்த கொலம்பசு, அம்மக்களிடம் இதனைக் கண்டார். ஈரமும் ஊர்வனவும் இதில் கிடப்பாரை எளிதில் அணுகா. ஆனால், குளிர் அணுகும். மேலே இரு கம்பளிகளைப் போர்த்தும் முதுகு விறைத்து, உறக்கமின்றி விடியலை எதிர்நோக்குவோர் பலர். காரணம் யாது?

போர்வை தானே வெப்பம் தருவதன்று. உடலின் வெப்பத்தை வெளியேறாமல் காப்பதே அதன் தொழில். அக்காவலைப் பெரிதும் செய்வது, இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்று. உடலின் சுமையால் அடித்துணி நசுங்க, அக்காற்று நீங்குகிறது. கீழேயோ குளிர்காற்று ஓயாது வீசுகிறது. ஆதலின், மேலே போர்ப்பதினும் கீழே காப்பதே முதற்கடமை. அக்காப்பு, நசுங்காதவாறு படுக்கையின் வெளிப்புறத்தே, அதனை ஒட்டித் தொங்குதல் வேண்டும்.

இதற்குரிய பொருள்கள் இயற்கையில் பல உண்டு. கம்பளி, ஈரமுற்றாலும் ஓரளவு வெப்பம் காக்கும். பறவையின் மென்தூவி மிக இலேசானது. ஆயின், நனைந்தால் பயன்படாது. இலவம் பஞ்சின் இழையோ உள்ளே வெறுமையானது. மேலே மெழுகுப் பூச்சுடையது. நீரை எளிதில் ஏற்காது. இலவு காத்த கிளிக்கு ஏமாற்றம் தந்த பஞ்சு, குளிரில் வாடுவோனுக்குப் பெரும்பேறு அன்றோ? இவை இல்லாவிடத்து, உலர்ந்த சருகுகளை இரு துணிகளுக்கிடையே தடிப்பாக நிரப்பிக் கட்டினும் போதும். சருகில் தேளும் பூச்சியும் இராதபடி ஆராய்தலும், நெருப்பை நெருங்கவிடாமையும் இன்றியமையாதன.

செயற்கை இழைகள் இலேசானவை, விரைவில் உலர்பவை என்பர் சிலர். அது மெய்யே. ஆயினும், அவை துவைக்குந்தோறும் நுண்ணிழைகளை நீரில் உதிர்க்கின்றன. அவ்விழைகள் நெடுங்காலம் மக்குவதில்லை. ஓரிரவின் சுகத்திற்காக ஆற்றைக் கெடுத்தல் அறிவுடைமை ஆகுமோ? சுமை சிறிது மிகினும் இயற்கைப் பொருளே ஏற்றது.

அதற்காகப் பச்சிலையை ஒடித்தலும் தகாது. ஈரப்பசையுள்ள இலை குளிரைத் தடுக்காது, மரமும் வருந்தும். உதிர்ந்ததை அளவாக எடுத்து உறங்கி, விடிந்ததும் அதனை மண்ணுக்கே திருப்பி அளிப்பவனே காட்டின் நல்விருந்தினன் ஆவான்.