தண்ணி ஒழுகினா ஆற்ற காசு?

கேமிங் கொம்பியூட்டர் கட்டுற வீடியோ எதைப் பார்த்தாலும் இப்ப ஒரு காட்சி கட்டாயம் இருக்கும். கண்ணாடிக் கேசிங், உள்ளுக்குள்ள கலர் கலரா சுத்துற ஃபேன், ப்ராசசருக்கு மேல மின்னுற ஒரு வட்டம், அதிலிருந்து ரேடியேட்டருக்குப் போற இரண்டு கறுப்புக் குழாய். 'வோட்டர் கூலிங்' இல்லாட்டி அது நல்ல மெஷினே இல்லை எண்ட மாதிரி ஒரு கதை எங்கட ஆக்களுக்குள்ள பரவிப் போய்க் கிடக்கு.

என்னுடைய அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான கொம்பியூட்டர்களுக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் தேவையில்லை. ஒழுக்கு அடிக்கடி நடக்கும் என்பதால் இதைச் சொல்லவில்லை. உண்மையில் அது அரிதாகத்தான் நடக்கும். ஆனால் நடந்தால் அந்த நட்டம் யாருடைய தலையில் விழும் என்பதை வாங்கும்போது ஒருவரும் கதைப்பதில்லை. என்னுடைய பிரச்சினை அதுதான்.

முதலில் எது எங்கே ஒழுகும் என்று பார்ப்போம். தண்ணீர்க் குளிரூட்டலில் இரண்டு வகை இருக்கு. ஒன்று, பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாத்தையும் தனித்தனியா வாங்கி நாங்களே பூட்டுறது. இதில ஒவ்வொரு மூட்டும் ஒரு சந்தேகம்தான். உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் வளையம் கொஞ்சம் விலகினாலும், ஸ்குரூவை அளவுக்கு மிஞ்சி இறுக்கினாலும் கசியும். இரண்டாவது, கம்பனியிலேயே திரவம் நிரப்பி மூடி வருகிற 'ஏஐஓ' கூலர். கடையில் அதிகம் விற்பது இதுதான். இதில் நாங்கள் பிழை விட இடம் குறைவு. ஆனால் குழாய் பம்போடு சேரும் முனை, ப்ராசசரைத் தொடும் செப்புத் தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர், ரேடியேட்டரின் மெல்லிய சுவர் ஆகிய மூன்றும் வருடக்கணக்காகச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டும்.

"உள்ளுக்க இருக்கிறது கரண்ட் கடத்தாத தண்ணி, பயப்படாதேங்கோ" எண்டு சொல்லுவினம். பாதி உண்மை. காய்ச்சி வடித்த நீர் மின்னை மிகக் குறைவாகவே கடத்தும். தண்ணீரில் கரைந்திருக்கும் அயன்கள்தான் மின்னைக் கடத்துகின்றன. ஆனால் அந்த நீர் மாதக்கணக்காக உலோகத்துக்குள் சுற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக அயன்களைச் சேர்த்துக்கொள்ளும். வெளியே வந்து மதர்போட்டில் கிடக்கும் தூசியோடும் கலக்கும். அதோடு பெரும்பாலான ஏஐஓக்களில் ப்ராசசர் பக்கத் தகடு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். இந்த இரண்டும் ஒரே திரவத்தில் நின்றால் எது கரையும் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அலுமினியம்தான். அதைத் தடுக்கத்தான் திரவத்தில் அரிப்புத் தடுப்பான் கலந்திருப்பார்கள். அது உள்ளவரைக்கும் பிரச்சினை இல்லை. அதன் வலு குறையக் குறைய அரிப்பு வேலையைத் தொடங்கிவிடும்.

அடுத்தது, ஒழுகும் துளி எங்கே விழுகிறது என்பது. நிமிர்ந்து நிற்கும் ஒரு கேசிங்கை மனதில் வையுங்கோ. மேலே ப்ராசசர். அதற்குக் கீழே, பெரும்பாலான போட்களில், எம்.2 எஸ்எஸ்டி. அதற்கும் கீழே படுத்த மாதிரி கிராபிக்ஸ் கார்ட். கடைசியில் அடியில் பவர் சப்ளை, அதுக்குள்ள 230 வோல்ட். அதாவது மேலே இருந்து ஒரு சொட்டு விழுந்தால் அது முதலில் உங்கட ஃபைல்கள் இருக்கிற இடத்தையும், பிறகு அந்த மெஷினிலேயே விலை கூடிய சாமானையும் தாண்டித்தான் நிலத்துக்கு வரும். பழுதாகிய கூலரை மாற்றுவது சின்னச் செலவு. அது தன்னோடு கூட்டிக்கொண்டு போகும் சாமான்களின் விலை பல மடங்கு.

இது அனுபவமில்லாத ஆக்கள் பூட்டினதால வாற பிரச்சினை எண்டு நினைக்கிறவைக்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். 2003இல் ஸ்டீவ் ஜொப்ஸ், பவர் மக் ஜி5 ஒரு வருடத்துக்குள் 3 கிகாஹெர்ட்ஸைத் தொடும் என்று மேடையில் சொன்னார். தொடவில்லை. 2004 ஜூனில் வந்தது 2.5 கிகாஹெர்ட்ஸ் மெஷின். அந்த ப்ராசசர்களின் சூட்டைச் சமாளிக்க ஆப்பிள் அதில் திரவக் குளிரூட்டலைப் போட்டது. விலை 2,999 டொலர். குளிரூட்டியைச் செய்து கொடுத்தது கார்ப் பாகங்கள் செய்யும் டெல்பை. ரேடியேட்டர் செய்யத் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் சில வருடங்களில் அந்த மெஷின்களில் கணக்க ஒழுகத் தொடங்கின. அதில் பவர் சப்ளை அடியில் இருந்தது. திரவம் அங்கே இறங்கி மெஷினையே சாகடித்தது. 2006இல் இன்டெல் ப்ராசசரோடு மக் ப்ரோ வந்தபோது ஆப்பிள் திரும்பவும் காற்றுக் குளிரூட்டலுக்கே போனது.

இரண்டாவது, அண்மைக் காலத்தது. ஆர்க்டிக் நிறுவனத்தின் லிக்விட் ஃப்ரீசர் 2 நல்ல பெயர் எடுத்த கூலர். அதன் ஒரு பகுதித் தயாரிப்புகளில் செப்புத் தகட்டைச் சுற்றியுள்ள ரப்பரில் குறை இருக்கிறது, காலப்போக்கில் கசியலாம் என்று 2022இல் அந்த நிறுவனமே அறிவித்தது. மாற்றுப் பாகங்களை இலவசமாகக் கொடுத்தது. அது நேர்மையான வேலை, பாராட்ட வேணும். ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று. நல்ல கம்பனி, நல்ல சாமான், ஆனாலும் ஒரு ரப்பர் வளையம் போதும்.

இப்ப எங்கட ஊர்க் கதைக்கு வருவம். வெளிநாட்டில் சில நிறுவனங்கள், தங்கள் கூலர் ஒழுகி மற்றச் சாமான் பழுதானால் அதையும் கவனிப்போம் என்று சொல்கின்றன. அதற்குப் பில் வேண்டும், பதிவு வேண்டும், அந்த நாட்டு வாரண்டி வேண்டும். இங்கே கணக்கப் பேரின் மெஷின், அண்ணா கனடாவில இருந்து கொண்டு வந்த கார்ட், கொழும்பில வாங்கின போட், தெரிஞ்ச ஆளிட்ட எடுத்த செக்கன்ட் ஹான்ட் கூலர் எண்டு கலந்து கட்டினது. இதில் யாரிடம் போய்க் கேட்பது? உள்ளூர்க் கடைகளின் வாரண்டிக் கட்டுப்பாடுகளை ஒருக்கா வாசித்துப் பாருங்கோ. எரிந்த அடையாளம், துரு, ஈரம் பட்ட தடம் இருந்தால் வாரண்டி செல்லாது என்று இருக்கும். ஒழுக்கு விட்டுப் போவது சரியாக இந்த மூன்று அடையாளங்களைத்தான்.

அதோடு, 2022 மார்ச்சில் டொலர் கிட்டத்தட்ட 200 ரூபாவாக இருந்து மே மாதத்தில் 360ஐத் தாண்டியதை நாங்கள் மறக்கேல்ல. ஒரு கிராபிக்ஸ் கார்டைத் திரும்ப வாங்குவது எங்களுக்குச் சின்ன விசயமில்லை. எத்தனையோ வீட்டில் அந்த ஒரு மெஷினில்தான் தம்பி கேம் விளையாடுவான், அக்கா கம்பஸ் ஒப்படை செய்வா, இன்னொருவர் வீடியோ எடிட் பண்ணி உழைப்பார். அது நின்றால் மூன்று பேரின் வேலை நிற்கும்.

"நான் அஞ்சு வருசமா பாவிக்கிறன், ஒரு சொட்டுக்கூட வரேல்ல" எண்டு சொல்லுற நண்பர்கள் இருக்கினம். நம்புகிறேன். பெரும்பாலானோரின் அனுபவம் அதுதான். ஆனால் ரப்பருக்கும் அலுமினியத்துக்கும் வயது ஏற ஏறத்தான் ஆபத்துக் கூடும். அந்த அஞ்சாவது வருசம்தான் பலர் மெஷினை விற்கிற வருசமும். கூலரின் வாரண்டி பொதுவாக ஐந்து, ஆறு வருடம். அது முடியும் நேரத்தில் செக்கன்ட் ஹான்டாக வாங்குபவர், காசு குறைந்ததால் அதை வாங்கும் ஒரு மாணவராக இருக்கும். ஆபத்தின் பெரிய பங்கு அவரிடம் போகிறது.

சரி, இவ்வளவு ஆபத்தை எடுத்து என்ன லாபம் கிடைக்குது? தண்ணீர் குளிரை உண்டாக்குவதில்லை. ப்ராசசரின் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் விடும், அங்கே அது அறைக் காற்றுக்குத்தான் போகும். சித்திரை வெயிலில் அறை 33 பாகையில் இருந்தால் எந்தத் தண்ணீர்க் கூலரும் அதற்குக் கீழே இறக்காது. 253 வாட் வரை இழுக்கும் இன்டெல் ஐ9 14900கே மாதிரி ப்ராசசரில் மணித்தியாலக் கணக்காக ரெண்டர் போடுபவருக்குப் பெரிய ரேடியேட்டரால் உண்மையான பயன் இருக்கு. அதை மறுக்கவில்லை. ஆனால் கேமுக்குப் பெயர் எடுத்த ரைசன் 7 7800எக்ஸ்3டி கூட 120 வாட் ப்ராசசர்தான். அதுக்கு நல்ல காற்றுக் கூலர் ஒன்று தாராளமாகக் காணும். அதில் கெட்டுப்போக இருப்பது ஃபேன் மட்டும். ஃபேன் நின்றால் மெஷின் வேகத்தைக் குறைக்கும், அல்லது ஓஃப் ஆகும். புது ஃபேன் பூட்டினால் முடிந்தது. காற்றுக் கூலருக்கும் குறை இல்லாமல் இல்லை. நொக்துவா என்எச்-டி15 ஃபேனோடு 1.3 கிலோ வரும். அதை அப்படியே பூட்டியபடி கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஏற்றினால் போட் வளையும். கழற்றிக் கொண்டு வர வேண்டும்.

ஏற்கனவே தண்ணீர்க் கூலர் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். மாதம் ஒருக்கா டோர்ச் அடிச்சு குழாய் முனைகளைப் பாருங்கோ. ஈரமோ, காய்ந்த பொருக்கோ, பச்சைப் படிவோ தெரிந்தால் அன்றைக்கே நிப்பாட்டுங்கோ. சூடு காரணமில்லாமல் ஏறினாலும், களகள எண்டு சத்தம் வந்தாலும் உள்ளே திரவம் குறைந்திருக்கலாம். வாங்கிய திகதியைக் கேசிங்குக்குள் எழுதி ஒட்டி, வாரண்டி முடியும்போது கூலரை மாற்றுங்கோ. சொந்தமாகப் பூட்டுபவர்கள் பம்பை மட்டும் ஒரு நாள் ஓட விட்டு, மூட்டுகளுக்குக் கீழே டிஷ்யூ வைத்துச் சோதிக்காமல் போட்டுக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது. கிணற்றுத் தண்ணியை விடவே விடாதேங்கோ. யாழ்ப்பாணத்துத் தண்ணீர் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கூலரின் மெல்லிய வரிகளுக்குள்ளும் அதேதான் படியும்.

ஒழுகிவிட்டால் முதல் வேலை சுவர்ப் பிளக்கைக் கழற்றுவது. மெஷினை ஓஃப் செய்தாலும் பிளக் இருக்கும்வரை போட்டுக்கு 5 வோல்ட் வந்துகொண்டேதான் இருக்கும். பிறகு சாமான்களைக் கழற்றி, ஐசோப்ரொப்பைல் அல்ககோலால் துடைத்து, சில நாள் காய விடுங்கோ. "ஒருக்கா போட்டுப் பாப்பம்" எண்ட அவசரம்தான் கணக்கக் கார்ட்களைக் கொன்றது. ஒழுக்கு வரமுதலே செய்ய வேண்டிய இன்னொன்றும் இருக்கு. ஒப்படையின் ஒரு பிரதியை வேறெங்காவது வையுங்கோ.

இனி வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ. "அண்ணை, இது ஒழுகி மற்றச் சாமான் பழுதானா ஆர் பொறுப்பு? அதைப் பில்லில எழுதித் தருவியளோ?" எழுதித் தந்தால் யோசித்து வாங்கலாம். சிரித்து மழுப்பினால், காற்றுக் கூலர் இருக்கிற பக்கம் போங்கோ.