ஒரு வேலைக்கு எத்தனை தேர்வு?

விக்கிரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள். டெட் தேர்வில் 150க்கு 90க்கு மேல் வாங்கியவர்கள் இவர்கள்.

2012 ஜூலையில் முதல் டெட். ஆறு லட்சம் பேருக்கு மேல் எழுதி, நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்வி! பிறகு அரசே மூன்று மணி நேரமாக்கி மறுதேர்வு வைத்தது. சரி, தகுதியைச் சோதிக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் 2018 ஜூலையில் அரசாணை 149 வந்தது. டெட் தேறினால் போதாதாம், நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வாம். இடைநிலை ஆசிரியர்களுக்கு அது நடந்ததோ 2024 ஜூலையில். ஆறு வருடம்! அதுவரை வயது நின்று காத்திருக்குமா?

2022இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தார்களே, அப்போது இந்தப் போட்டித் தேர்வு எங்கே போனது? இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய். (நம்மூர் கொத்தனார் கூலியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.) அதே வகுப்பறை, அதே பிள்ளைகள். 7,500க்குப் போதுமான தகுதி முழுச் சம்பளத்துக்கு மட்டும் எப்படிப் போதாமல் போகும்?

149ஐ ரத்து செய்யுங்கள். டெட் தேறிய ஆண்டு மூப்புப்படி, 2013இல் தேறியவர்களிலிருந்து பணி கொடுங்கள்.