காலுக்கடங்கிய கடிவாளம்

குதிரைக்குக் கடிவாளம் எத்தகையதோ, மோட்டார் சைக்கிளுக்குப் பிறேக் அத்தகையது. வேகத்தைப் பற்றி விரிவாகப் பேசும் நம் இளைஞர், அவ்வேகத்தை அடக்கும் கருவியைப் பற்றி அவ்வளவாக எண்ணுவதில்லை. வலக்காலின் கீழே கிடக்கும் ஒரு சிறு இரும்பு மிதியை நம்பியே, தந்தையும் தாயும் நடுவிலே பிள்ளையுமாக ஒரு குடும்பம் பயணஞ் செய்கின்றது. அம்மிதியைத் திருத்தியமைப்பது எங்ஙனம் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

வன்னிப் பெருநிலத்திலே இவ்வினா முக்கியமானது. மாங்குளத்திலிருந்தும் பரந்தனிலிருந்தும் முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதிகள் தார் பூண்டவை. அவற்றை விட்டு வயலுக்கோ குளக்கட்டுக்கோ திரும்பினால் கிரவலும் மணலும் சேறுமே எதிர்ப்படும். தார் வீதியிலே பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னே சாய்வதால் முன் பிறேக்கே வலிமை மிக்கது. சேற்றிலோ, முன் சில்லு வழுக்கினால் ஓட்டுநர் நிலத்திலே விழுவார். அங்கே பின் பிறேக்கே பெருந்துணை. ஆனால், காலபோக மழையிலே வயலிலிருந்து ஏறுபவரின் செருப்பிலே களி அப்பியிருக்குமன்றோ? தேய்ந்து வழுவழுப்பான மிதியிலே அக்கால் எவ்வாறு நிற்கும்?

இங்கு ஓடும் சிறு வண்டிகளிலே பல முதுமையடைந்தவை. யப்பானிய அஞ்சற் சேவைக்கென ஹொண்டா நிறுவனம் ஆக்கிய எம்.டி. 90 வண்டியை இன்றும் வன்னி வீதிகளிலே காணலாம். 2020ஆம் ஆண்டு மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; 2025ஆம் ஆண்டிலேதான் அத்தடை பெரிதும் தளர்ந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் உள்ளதைத் திருத்தி ஓட்டுவதே வழியாயிற்று.

மிதியை மாற்றுமுன் அதன் பின்னால் உள்ளவற்றைச் சோதித்தல் வேண்டும். நாம் மிதியை அழுத்துகையில் ஒரு கம்பி இழுபட்டு, சில்லின் நடுவிலுள்ள பிறை வடிவான இரு பிறேக் சூக்களை விரித்து, சுழலும் உருளையின் உட்புறத்தோடு உராயச் செய்கின்றது. சூக்கள் தேய்ந்திருந்தால் எத்துணைச் சிறந்த மிதியும் பயன் தராது. பல வண்டிகளிலே தேய்வைக் காட்டும் அம்புக்குறி உண்டு. முழுமையாக மிதித்தபோது அது எல்லைக் கோட்டைத் தொட்டால் சூக்களை மாற்றுக. பிறேக் பிடிக்கத் தொடங்குமுன் மிதி வெறுமனே இறங்கும் தூரம், ஹொண்டாவின் சிறு வண்டிகளிலே பொதுவாக 20 முதல் 30 மில்லிமீற்றர். கம்பியின் நுனியிலுள்ள திருகாணியால் இதனைச் சீர்செய்யலாம்.

‘மிதியை நீட்டினால் பிறேக் நன்கு பிடிக்கும்’ என்பார் சிலர். அது பாதி உண்மையே. மிதி ஒரு நெம்புகோல். சுழலும் அச்சிலிருந்து கால் 20 சென்ரிமீற்றரிலும், கம்பி 5 சென்ரிமீற்றரிலும் இருப்பின், காலின் விசை நான்கு மடங்காகும். மிதியை 25 சென்ரிமீற்றராக்கினால் அது ஐந்து மடங்காகும். ஆயின் கம்பி 1 சென்ரிமீற்றர் நகரக் கால் 4 சென்ரிமீற்றருக்குப் பதிலாக 5 சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். நீண்ட மிதி கல்லிலும் வேரிலும் மோதி வளைதலும் எளிது. ஒன்றைக் கொடுத்தே மற்றொன்றைப் பெறுகின்றோம்.

ஆகவே நீளத்திலும் மேலானது பிடிமானம். பாதம் படும் இடத்தைச் சற்றே அகலமாக்கி, பல் வெட்டிய தகடொன்றைப் பொருத்துதல் நன்று. வெல்டிங் செய்வதாயின் மிதியை வண்டியிலிருந்து கழற்றியே செய்தல் வேண்டும். அச்சைத் துடைத்துக் கிறீஸ் இடுக. மிதியை மீட்கும் சுருள்வில் தளர்ந்திருப்பின் மாற்றுக. கால்தாங்கியிலிருந்து பாதத்தைத் தூக்காமலே மிதிக்கக்கூடிய உயரத்திலே மிதி அமைதல் வேண்டும். பின் விளக்கை எரியச் செய்யும் விசையும் இம்மிதியோடு தொடர்புடையது. அதனை மறந்தால், இரவிலே பின்னால் வரும் லொறிக்கு நாம் நிற்பது தெரியாது.

மிதியின் பக்கத்தை மட்டும் மாற்றற்க. சென்னையிலே உருவான என்பீல்ட் புல்லட்டிலே பல்லாண்டுகளாகப் பின் பிறேக் இடக்காலிலேயே இருந்தது. ஹொண்டா 1958இல் வெளியிட்ட சூப்பர் கப் போன்றவற்றிலே அது வலக்காலுக்குரியது. ஒருவகைக்குப் பழகியவர் மற்றதில் ஏறினால், ஆபத்து வேளையிலே தவறானதை மிதிப்பர். அறிவு சிந்திக்குமுன் கால் முந்திக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் ஆளில்லாத வெளியிலே மெதுவாக ஓட்டிச் சோதித்துப் பாருங்கள். நீர் பாயும் இடத்தைக் கடந்தபின், சிறிது தூரம் பிறேக்கை இலேசாக அழுத்தி ஈரத்தைப் போக்குங்கள். வீட்டிலுள்ள மாணவரையும் அருகிலிருத்தி இவற்றைக் காட்டுங்கள். நெம்புகோலைப் பாடநூலிலே படித்த பிள்ளை அதனைத் தந்தையின் வண்டியிலே கண்டறியட்டும். புது வண்டி வாங்குதல் எல்லோர்க்கும் இயலாது. இருக்கும் வண்டியை நினைத்த இடத்தில் நிற்கச் செய்தல் எல்லோர்க்கும் இயலும்.