பெறுபேற்றுத் தாளில் இல்லாத வளர்ச்சி

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் பாடசாலை மதில்களில் பதாகைகள் தொங்கத் தொடங்கிவிடும். மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குத் தெரிவானவர்களின் படங்களே அவற்றில் இருக்கும். அவர்களைப் பாராட்டுவதில் தவறில்லை. ஆனால், அதே வகுப்பிலிருந்து வெளியேறிய ஏனையோர் வளரவில்லை என்றதொரு தோற்றத்தையும் அப்பதாகைகள் ஏற்படுத்திவிடுகின்றன. இது நியாயந்தானா?

யாழ்ப்பாணத்தில் நாங்கள் உயர்தரம் முடித்த கையோடு, 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் புகுத்தப்பட்டது. மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 229 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ் மொழிமூல மாணவருக்கோ 250 தேவைப்பட்டது. இடையில் நின்ற அந்த 21 புள்ளிகள் எங்கள் வகுப்பையே இரண்டாகப் பிரித்தன. பின்னர், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது யாழ்ப்பாணம் மேலும் இழந்தது. மன்னார், வவுனியா, மட்டக்களப்பு மாணவர்கள் அதனால் பயனடைந்தார்கள் என்பதையும் மறைக்கலாகாது. ஆக, அனுமதி என்பது மாணவனின் திறமையை மட்டும் சொல்வதில்லை. அரசின் கொள்கையையும் அவன் பரீட்சை எழுதிய மாவட்டத்தையும் சேர்த்தே சொல்கிறது. 2001 முதல் இசட் புள்ளி முறை நடைமுறைக்கு வந்த பின்னரும் மாவட்ட ஒதுக்கீடு தொடரவே செய்கிறது.

எங்கள் வகுப்பில் முதலாவதாக வந்தவர் மருத்துவரானார். அவரை நினைத்து இன்றும் பெருமைப்படுகிறேன். ஆனால், மாலை வேளைகளில் விறாந்தையில் இருத்தி எனக்குக் கணிதம் சொல்லித்தந்த நண்பனுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லை. ஒரு விடயத்தைப் படிப்படியாக, பொறுமையாக விளக்கும் பழக்கம் அவனிடமிருந்தே எனக்கு வந்தது. நான்கு தசாப்தப் பத்திரிகை வாழ்வில் எனக்குச் சோறு போட்டது அந்தப் பழக்கந்தான். அவன் ஆசிரியரானான். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சியில் ஒரு மரநிழலில் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் நடத்தினான். கடைசி வாங்கிலிருந்து வாய் திறவாத இன்னொருவன், 1983 கலவரத்தின் பின் ஜேர்மனிக்குச் சென்று உணவகத்தில் கோப்பை கழுவித் தன் மூன்று சகோதரிகளையும் கரைசேர்த்தான்.

இவர்களின் வளர்ச்சியை எந்தப் பெறுபேற்றுத் தாள் அளக்கும்?

ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் கூடும் பழைய மாணவர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலரில் சாதனையாளர் பட்டியலுடன் ஒரு வகுப்பின் முழு இடாப்பையும் வெளியிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் என்ன ஆனார் என்று இரண்டு வரி எழுதுங்கள். போரில் மாண்டவர்களும் காணாமற்போனவர்களும் அதில் இடம்பெறட்டும்.

பாடசாலையை விட்டு வெளியேறும் இன்றைய பிள்ளைகளுக்கு அந்த இடாப்பு, எந்தப் பதாகையும் சொல்லாததைச் சொல்லும்.