பழுது பி.எல்.சி.யிலா, வயரிலா?

கேள்வி: ‘எங்களுக்கு இரண்டு ஏக்கர் கொய்யாவும் ஒரு ஏக்கர் காய்கறியும் சொட்டுநீரில் இருக்கிறது. போர்வெல்லில் சப்மெர்சிபிள் மோட்டார். சிவகாசி அச்சகம் ஒன்றில் மெஷின் எலக்ட்ரீசியனாக இருந்த உறவுக்காரத் தம்பி, பழைய பி.எல்.சி. ஒன்றை வைத்து பேனல் செய்து கொடுத்தார். மோட்டாரும் நான்கு வால்வும் முறை வைத்துத் தானாக ஓடும். மூன்று வருடம் நன்றாகத்தான் ஓடியது. இப்போது கால் மணி நேரத்தில் மோட்டார் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தானே ஓடுகிறது. மூன்றாவது வால்வு சில நாள் திறக்கிறது, சில நாள் திறப்பதில்லை. நான்காவது வால்வு, மோட்டார் ஓடினாலே தானாகத் திறந்துகொள்கிறது. பேனல் கதவைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது, அது பெரிதாக ஒன்றுமில்லை. தம்பி இப்போது வெளிநாட்டில். உள்ளூர் மெக்கானிக், பி.எல்.சி. போய்விட்டது, புதிது மாற்ற வேண்டும், இல்லையென்றால் இரண்டு வயரை ஒன்றாக முறுக்கி மோட்டாரை நேராக ஓட விடுகிறேன் என்கிறார். என்ன செய்வது?’

- வாசகர், விஸ்வநத்தம்.

பதில்: வாசகர் ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று கடைசியில் எழுதியிருப்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பேனல் கதவு சுருக்கென்றால் அந்தப் பேனலுக்கு எர்த் இல்லை என்று பொருள். எர்த் வயர் எங்கோ அறுந்திருக்கலாம், அல்லது எர்த் குழி காய்ந்து வெறும் கம்பியாக நிற்கலாம். பேனலுக்குள் 24 வோல்ட் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, எர்த் இல்லாத இடத்தில் கதவுக்கு நூறு வோல்ட் சுமாருக்குக் கசிய விடும். அதில் கரண்ட் மிகக் குறைவு, சுருக்கென்பதோடு போய்விடும். ஆனால் மோட்டார் வயரின் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கி ஒரு பேஸ் கசிந்தாலும் ஆரம்பத்தில் அதே சுருக்குத்தான். தொட்டுப் பார்த்து இது இன்னது என்று யாராலும் சொல்ல முடியாது. மழை பெய்த மறுநாள், ஈரத் தரையில் வெறுங்காலுடன் வீட்டில் வேறொருவர் அந்தக் கதவைத் தொடும்போது கதை வேறாகிவிடும். ஆகவே எர்த் சரியாகும்வரை மோட்டார் ஓட வேண்டாம். கொய்யா சில நாள் தாங்கும். காய்கறிக்கு வேண்டுமானால் குடத்தில் ஊற்றிக்கொள்ளலாம்.

எர்த் குழியைத் திறந்து கம்பி பிடிப்பைச் சுரண்டி, புது போல்ட் போட்டு இறுக்கி, கரியும் உப்பும் குறைந்திருந்தால் நிரப்பித் தண்ணீர் விட வேண்டும். கோடையில் வாரம் ஒரு முறையாவது குழிக்குத் தண்ணீர் போக வேண்டும்; இதைப் பலர் செய்வதில்லை. எஸ்.எம்.பி.எஸ்., வால்வு சுவிட்ச் போன்ற 230 வோல்ட் பகுதிக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டுவிட்டால் ஆளைக் காக்கும். மோட்டார் பக்கத்தை மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். வயண்டிங்குக்கும் பாடிக்கும் இடையே ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மோட்டாரை மேலே தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு எச்சரிக்கை: மெக்கர் சுற்றுமுன் பி.எல்.சி.க்குப் போகும் வயர்களைக் கழற்றிவிட வேண்டும். மெக்கரின் 500 வோல்ட் உள்ளே போனால், அதுவரை நன்றாக இருந்த பி.எல்.சி.யும் அன்றோடு போய்விடும்.

பேனலைத் திறக்குமுன் மெயினை நிறுத்தினால் மட்டும் போதாது. பியூஸ் கேரியர் மூன்றையும் கழற்றி, வேலை பார்ப்பவர் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, விஸ்வநத்தம் பக்கம் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. மோட்டார் ரூமில் திரிக்கட்டோ, மருந்து ஒட்டிய சாக்கோ, ஒரு நாளைக்கு என்றுகூட வைக்கக் கூடாது. காண்டாக்டர் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் உள்ளே தீப்பொறி வரும். உரிமம் பெற்ற இடத்தில் தவிர வேறெங்கும் வெடிமருந்து வைப்பது சட்டப்படியும் குற்றம்.

இனி பி.எல்.சி. பற்றி. அமெரிக்காவில் கார் தொழிற்சாலைகளில் அலமாரி அலமாரியாக இருந்த ரிலேக்களுக்குப் பதிலாக, 1968-இல் டிக் மார்லியும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கியது இது. எண்ணெயும் தூசியும் அதிர்வும் உள்ள இடத்துக்கென்றே செய்த சாதனம், அவ்வளவு சுலபமாகப் போகாது. போகிறதெல்லாம் அதைச் சுற்றியுள்ள வயர், டெர்மினல், சென்சார், 24 வோல்ட் சப்ளை ஆகியவைதான். ‘பி.எல்.சி. போய்விட்டது’ என்று சொல்கிறவரிடம், எந்த விளக்கைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

ஏனென்றால் பி.எல்.சி.யின் முகத்திலேயே பதில் இருக்கிறது. ஒரு வரிசையில் இன்புட் விளக்குகள்: சென்சாரும் சுவிட்சும் அதனிடம் சொல்வது. இன்னொரு வரிசையில் அவுட்புட் விளக்குகள்: அது காண்டாக்டருக்கும் வால்வுக்கும் இடும் கட்டளை. தனியாக பவர், ரன், எரர் என்று மூன்று விளக்குகள். பவரும் ரன்னும் எரிந்து, எரர் எரியாமல் இருந்தால், மூளை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அவுட்புட் விளக்கு எரிந்தும் வால்வு திறக்கவில்லையா, பழுது வெளியே போகும் வழியில். எரிய வேண்டிய இன்புட் விளக்கு எரியவில்லையா, உள்ளே வரும் வழியில். வேலை அப்போதே பாதியாகிவிடும்.

மோட்டார் நிற்பதை எடுத்துக்கொள்வோம். கால் மணி நேரம் பேனல் முன்னால் கண் கொட்டாமல் நிற்க முடியாது. செல்போனை ஒரு குச்சியில் கட்டி, விளக்குகள் தெரிகிற மாதிரி வீடியோவில் வைத்துவிட்டால் போதும். மோட்டார் நின்ற நொடியில் எந்த இன்புட் விளக்கு முதலில் அணைந்தது என்று பிறகு நிதானமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு இன்புட்டுக்கும் எந்த வயர் என்று வயரிலேயே எண் கட்டியிருப்பார்கள். இல்லையென்றால் இப்போதாவது கட்டிவிட வேண்டும்.

பலருக்கும் இதில் அணைவது, போரில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும் எலக்ட்ரோடின் விளக்கு. கால் மணி நேரம் ஓடி, நின்று, தானே மறுபடி ஓடுகிறது என்று வாசகர் எழுதியிருப்பதும் அதைத்தான் காட்டுகிறது. ஓவர்லோடு ரிலே தட்டியிருந்தால், அது ஆட்டோ ரீசெட்டில் இல்லாதவரை, பொத்தானைக் கையால் அமுக்கியாக வேண்டும். அப்படியானால் பழுதே இல்லாமலும் இருக்கலாம். போரில் தண்ணீர் இறங்குகிறது, பேனல் தன் வேலையைச் செய்கிறது. மோட்டார் நின்றவுடன் கயிற்றில் எடை கட்டிப் போருக்குள் இறக்கி நனைந்த அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். உண்மையிலேயே தண்ணீர் கீழே போயிருந்தால், டெலிவரி குழாயின் கேட் வால்வைக் கொஞ்சம் மூடி, போர் ஊறுகிற வேகத்துக்கு இறைப்பைக் குறைக்க வேண்டும். அல்லது நின்று ஊறுகிற நேரத்துக்கு ஏற்ப முறையை மாற்ற வேண்டும்.

தண்ணீர் இருந்தும் விளக்கு அணைகிறது என்றால் எலக்ட்ரோடு மேல் உப்புப் படிந்திருக்கும். உப்புத் தண்ணீர் உள்ள போர்களில் ஆறு மாதத்திலேயே வெள்ளைப் பூச்சு ஏறிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சரியாகும். சில போர்களில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: ஈரக் கசிவால் தண்ணீர் இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டும். அதுதான் மோசம், மோட்டார் வறண்டு ஓடும்.

மெக்கானிக் முறுக்குகிறேன் என்கிற இரண்டு வயர் இந்த எலக்ட்ரோடு வயராகத்தான் இருக்க வேண்டும். அதைச் செய்யவே கூடாது. சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் குளிர்ச்சியும் அதன் புஷ்ஷுக்கு வழுக்கலும் அதைச் சுற்றி ஓடும் தண்ணீரால்தான். தண்ணீர் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே புஷ் தேய்ந்து, பிறகு காயில் கட்டுகிற செலவில் வந்து நிற்கும். பேஸ் காக்கும் ரிலேயை முறுக்கிவிடுவதும் இதே வகைதான். ஓடும்போது ஒரு பேஸ் போனால் மீதி இரண்டிலும் கரண்ட் ஏறக்குறைய 1.7 மடங்கு ஆகிவிடும். லைன் வேலை நடந்த மறுநாள் மோட்டார் ஓடவில்லையென்றால் பேஸ் வரிசை மாறியிருக்கும். இரண்டு பேஸை இடம் மாற்றினால் போதும், ரிலேயைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது வால்வு சில நாள் திறப்பதும் சில நாள் திறக்காததும் பெரும்பாலும் வயர் கதை. மூன்றாவது அவுட்புட் விளக்கு எரியும்போது பேனல் டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்தால் 24 வோல்ட் இருக்க வேண்டும். பிறகு வால்வு அருகே போய், காயில் இணைந்திருக்கும்போதே அளக்க வேண்டும். காயிலைக் கழற்றிவிட்டு அளந்தால் வோல்டேஜ் முழுதாகக் காட்டும், ஏமாற்றிவிடும். கணக்கு இது: அரை ஸ்கொயர் மில்லிமீட்டர் வயரில் கிலோமீட்டருக்கு 36 ஓம் சுமார். வால்வு 200 மீட்டர் தூரம் என்றால் போக வர 400 மீட்டர், 14 ஓமுக்கு மேல். வால்வு இழுக்கிற கணத்தில் அரை ஆம்பியர் எடுத்தால் 7 வோல்ட் வயரிலேயே போய்விடும். மிஞ்சும் 17 வோல்ட்டில் காயில் சில நாள் இழுக்கும், சில நாள் இழுக்காது. ஒன்றரை ஸ்கொயர் வயர் போட்டால் இழப்பு இரண்டரை வோல்ட்டுக்குள் வந்துவிடும். மூன்று வருடம் நன்றாக ஓடியது என்பதால், வயரோடு ஜாயின்ட்டையும் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் டேப் சுற்றிய ஜாயின்ட் இத்தனை நாளில் பச்சை பூத்திருக்கும். எஸ்.எம்.பி.எஸ். தளர்ந்து 24 இருக்க வேண்டிய இடத்தில் 20 காட்டினாலும் தூரத்து வால்வுதான் முதலில் மக்கர் செய்யும்.

நான்காவது வால்வுக்கு ஒரு சின்னச் சோதனை. அதன் வயரைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட விட வேண்டும். அப்போதும் திறந்தால் கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கையால் திறக்கும் திருகு தளர்ந்திருக்கும், அல்லது சோலினாய்டு அடியில் மணல் துகள் சிக்கியிருக்கும். அழுத்தம் வந்ததும் வால்வு தானே திறந்துகொள்கிறது. பி.எல்.சி.யை மாற்றியிருந்தால் அந்தப் பணம் வீண்தான். வயரைக் கழற்றியதும் திறக்கவில்லை என்றால் அவுட்புட் விளக்கைப் பார்க்க வேண்டும். விளக்கு எரியாமல் வால்வுக்குக் கரண்ட் போகிறதா, உள்ளே உள்ள ரிலே ஒட்டிக்கொண்டது, அல்லது எலி கடித்து இரண்டு வயர் ஒட்டியிருக்கிறது. ஒட்டிய ரிலே என்றாலும் முழு பி.எல்.சி.யையும் தூக்கிப் போட வேண்டாம், காலியாக உள்ள இன்னொரு அவுட்புட்டுக்கு மாற்றலாம். அதற்கு புரோகிராம் தெரிந்தவர் வேண்டும். விளக்கும் எரிகிறது என்றால், மோட்டார் வயரும் சென்சார் வயரும் ஒரே பைப்பில் போகிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் கிளம்பும் அதிர்ச்சி சென்சார் வயரில் பொய் சிக்னலாக ஏறும். இரண்டுக்கும் தனித்தனி பைப், குறைந்தது ஒரு அடி இடைவெளி.

இவ்வளவையும் பார்த்த பிறகும் எரர் விளக்கு எரிந்தால்தான் பி.எல்.சி. மேல் சந்தேகம். பழைய பி.எல்.சி. என்பதால் அதற்குள் ஒரு பேட்டரி இருக்கலாம். பேட்டரி தீர்ந்திருக்கும்போது கரண்டும் போனால், சில மாடல்களில் புரோகிராமே அழிந்துவிடும். பேட்டரி விளக்கு எரிந்தால் மெயினை நிறுத்துமுன் இதைத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பல மாடல்களில் கரண்ட் இருக்கும்போதோ, நிறுத்திய சில நிமிடங்களுக்குள்ளோ பேட்டரியை மாற்ற வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடம் இன்றைக்கே பேசி, புரோகிராம் நகல், பாஸ்வேர்டு, வயரிங் படம் மூன்றையும் செல்போனில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்வது நல்லது. வயரிங் படத்தை ஒரு தாளில் பிரின்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட வேண்டும்.