பொன்னாடையும் வண்டிச் சத்தமும்

தமிழ்நாட்டில் எழுத்தாளனுக்கு எதில் பஞ்சம் வந்தாலும் பொன்னாடையில் பஞ்சம் வருவதில்லை. ஒரு நாவல் எழுதி நாலு பேர் பெயர் சொல்லும்படி ஆகிவிட்டால் போதும். அப்புறம் அவன் பீரோவைத் திறந்தால் சால்வைகள் சரிந்து விழும். அவற்றைத் தெருவில் போர்த்திக்கொண்டு போக முடியாது. கடைக்காரன் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டான். ஆனால், அந்தச் சால்வையை வாங்குவதற்காக ஊர் விட்டு ஊர் போய் வந்தானே, அந்த வண்டிச் சத்தத்தை யார் கொடுத்தார்கள் என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். சிரித்து மழுப்புவான்.

இந்த மழுப்பல் இனி வேண்டாம் என்பதே என் கட்சி. வெளியூர்க் கூட்டத்துக்கு அழைக்கப்படும் எழுத்தாளனுக்குப் போக்குவரத்துச் செலவும், உழைப்புக்கு உரிய சன்மானமும் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தை ஊர்ப் பிரமுகரிடம் கை நீட்டி வாங்காமல், கேட்க வருகிறவர்களிடமே வசூலிக்க வேண்டும். கூட்டத்தில் அவனைப் பற்றிப் பேசுவதைக் குறைத்து, அவன் எழுதியதை வாசிக்க வேண்டும். மூன்றும் மூன்று விஷயங்களாகத் தோன்றினாலும் ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் நிற்பதில்லை.

நம் ஊர் இலக்கியக் கூட்டம் எப்படி நடக்கிறது என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அழைப்பிதழில் இருபது பெயர். மாலை ஆறு மணி என்று போட்டிருக்கும், ஏழுக்கு ஆரம்பிக்கும். வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, அதற்குப் பிறகு வரிசையாக வாழ்த்துரை. வாழ்த்த வந்தவர்களில் பாதிப் பேர் புத்தகத்தின் அட்டையை மட்டும் பார்த்தவர்கள். மீதிப் பேர் அதையும் மேடையில்தான் பார்க்கிறார்கள். கடைசியில் 'நேரமின்மை கருதி' எழுத்தாளன் இரண்டு வார்த்தை சொல்லுவான். அவன் எழுதியதிலிருந்து ஒரு பத்தி கூட அந்த மண்டபத்தில் ஒலித்திருக்காது. ஒரு ஜில்லாத் தலைநகரில் எனக்கு ஏற்புரைக்கு முறை வந்தபோது மணி ஒன்பதே கால். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஜனங்கள் எழுந்து போய்விட்டார்கள். எதிரே இருந்தது மைக்செட்காரரும், சாவிக்கொத்தோடு நின்ற காவலாளியும். அந்தக் காவலாளிதான் என் நாவலைப் பற்றிக் கேள்வி கேட்டார்.

மைக்செட்காரர் என்றேன். அவருக்கு வாடகை உண்டு. அழைப்பிதழ் அச்சடித்தவருக்கு உண்டு, மண்டபத்துக்கு உண்டு, வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியவருக்கு உண்டு, டீயும் வடையும் கொண்டுவந்த பையனின் முதலாளிக்கு உண்டு. எல்லாம் நியாயமே. யார் பெயரைச் சொல்லிக் கூட்டம் கூட்டினார்களோ அந்த ஒருவனுக்கு மட்டும் இல்லை. கேட்டால், "இலக்கியம் சேவை அல்லவா? அதில் காசு பேசலாமா?" என்கிறார்கள்.

இந்தக் கேள்வி புதியது அல்ல. இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1858-இல் கட்டணம் வைத்துத் தம் கதைகளைத் தாமே மேடையில் வாசிக்கத் தொடங்கியபோது, அவருடைய ஆப்த நண்பர் பார்ஸ்டரே தடுத்தார். கௌரவமான எழுத்தாளன் செய்யத் தக்க காரியம் அல்ல என்பது அவர் வாதம். டிக்கன்ஸ் கேட்கவில்லை. 1867-68-இல் அமெரிக்கா வரை போய் வாசித்தார். 1870 வரை வாசித்தார். ஊர் ஊராகச் சாதாரண ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, சிரித்தும் அழுதும் கேட்டார்கள். அவருடைய கௌரவத்துக்கு என்ன குறைந்துவிட்டது?

அவ்வளவு தூரம் போவானேன்? நம்முடைய ஆற்றுப்படை நூல்கள் என்ன சொல்லுகின்றன? பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே பசியோடு வரும் இன்னொரு கலைஞனை நிறுத்தி, "இந்த வழியாகப் போ, இன்னாரிடம் போ, உன் கலைக்கு மரியாதையும் கிடைக்கும், சோறும் கிடைக்கும்" என்று சொல்லி அனுப்புகிறான். கலைஞர்களை ஊருக்கு ஊர் இணைத்த ஏற்பாடு என்று பார்த்தால், இதைவிடப் பழையது நம்மிடம் ஏது? அதில் வழியும் உண்டு, கூலியும் உண்டு. சேவை என்று சொல்லிப் பாணனை வெறுங்கையோடு அனுப்பியதை எந்தப் புலவரும் புகழ்ந்து பாடவில்லை. இன்றைக்கும் திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டுக் குழுவை அழைக்கப் போனால் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வைக்கிறார்கள். அந்தப் பாட்டில் பக்தி குறைந்துவிட்டதாகச் சாமி கோபித்துக்கொண்டது இல்லை.

காசு கேட்கும் எழுத்தாளனை வாயடைக்க ஒரு பெயரைச் சொல்லுவார்கள்: சி.சு. செல்லப்பா. 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர். புத்தகக் கட்டுகளைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராகவும் கல்லூரி கல்லூரியாகவும் போய் விற்றவர். "அவர் காசா கேட்டார்?" என்பார்கள். அவர் சுமந்தது அவருடைய பெருமை. சுமக்க விட்டது நம்முடைய வெட்கம். வெட்கப்பட வேண்டியதை முன்மாதிரியாக எடுத்துக்காட்டுவது என்ன நியாயம்?

"கூட்டத்துக்கு வருவதால் புத்தகம் விற்குமே, அது போதாதா?" என்று சிலர் கணக்குப் பேசுகிறார்கள். சரி, கணக்கையே பார்ப்போம். 250 ரூபாய்ப் புத்தகத்தில் நூற்றுக்குப் பத்து ராயல்டி என்றால் எழுத்தாளனுக்கு 25 ரூபாய். பத்துப் பிரதிகள் விற்றால் 250 ரூபாய். அதுவும் பதிப்பாளர் கணக்கு முடித்துக் கொடுக்கும் காலத்தில். இதை நம்பி ஒருவன் ஓர் இரவு பஸ்ஸில் தூங்காமல் வர வேண்டும், மறுநாள் வேலைக்கும் லீவு போட வேண்டும்.

லீவு என்று சொன்னேனே, விபரீதம் அங்கேதான் இருக்கிறது. சம்பளத்தோடு லீவு கிடைக்கிறவர்களும், பென்ஷன் வாங்குகிறவர்களும் இந்த இலவச மேடைகளுக்கு வந்துவிடலாம். பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதும் பையன் வந்தால் அன்றைய கூலி போயிற்று. கைக்குழந்தையோடு இருக்கும் பெண் எழுத்தாளர் வர வேண்டுமானால் துணைக்கு இன்னொரு டிக்கெட். இவர்கள் வருவதில்லை, வராததனால் இவர்களை நாம் கேட்பதில்லை, கேட்காததனால் இவர்கள் இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். இலவசக் கூட்டம் எல்லோருக்கும் பொது என்று பெயர். உண்மையில், கையில் காசு உள்ள எழுத்தாளர்களை மட்டும் சலித்து எடுக்கும் சல்லடை அது.

இன்னொரு பூர்வபட்சம் இருக்கிறது. காசு வாங்கினால் எழுத்தாளன் கூட்டத்துக்கு ஏற்றபடி ஆடுவானாம். இப்போது மட்டும் ஆடாமலா இருக்கிறான்? மண்டப வாடகை கொடுத்த பிரமுகர் நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மில்லைப் பற்றியோ ஜாதியைப் பற்றியோ கட்சியைப் பற்றியோ அங்கே ஒரு வார்த்தை பேச முடியுமா? பணம் கொடுத்தவருடையதுதான் கூட்டம். பிரமுகர் கொடுத்தால் அவருடையது. ஐம்பது வாசகர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் அந்த ஐம்பது பேருடையது. ஐம்பது பேரும் சேர்ந்து, "இந்தக் கதையை வாசிக்காதே" என்று சொல்ல மாட்டார்கள். ஒருவர் சொல்லுவார்.

"எல்லாம் சரி, நடக்கிற காரியமா?" என்று கேட்கலாம். எங்கள் பக்கத்தில் நானும் சில நண்பர்களும் ஐந்து ஊர்களைச் சேர்த்து நடத்தி வருகிறோம், அதனால் சொல்லுகிறேன். கோவில்பட்டி, சங்கரன்கோவில், தென்காசி, திருநெல்வேலி, நாகர்கோவில். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த ஊர் போய்விடலாம். சென்னையிலிருந்து ஒருவரை ஒரே ஊர் அழைத்தால் ரயில் சார்ஜே பாரம். ஐந்து ஊர் அழைத்து, வரிசையாகச் சுற்றி வரச் செய்தால், ஆளுக்கு ஆகும் பங்கு ஒரு பொன்னாடையின் விலைதான். ஆகவே பொன்னாடையை நிறுத்தினோம். ரயில் சார்ஜ் கிடைத்துவிட்டது. நுழைவுக் கட்டணம் 50 ரூபாய்; மாணவர்களுக்கு 10 ரூபாய். 60 பேர் வந்தால் 3000. இடத்துக்குச் செலவு இல்லை. 1948-இல் சென்னை ராஜதானியில் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். அந்த நூலகத்தில் நமக்கு இரண்டு மணி நேரம் உட்கார இடம் கேட்பது பிச்சை அல்ல.

விதிகளும் கொஞ்சம்தான். சன்மானம் இவ்வளவு என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுத வேண்டும். புத்தகத்தைப் படிக்காதவர் மேடை ஏறக் கூடாது. வரவேற்பு மூன்று நிமிஷம். எழுத்தாளர் முக்கால் மணி நேரம் தம் எழுத்தை வாசிக்க வேண்டும்; பிறகு கேள்விகள். ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டு மணிக்கு முடிக்க வேண்டும். அன்றைய வரவு செலவைக் கலையுமுன் சபையில் வாசிக்க வேண்டும். ஓர் ஊரில் வசூல் குறைந்தால் மற்ற ஊர்கள் பொதுப் பணத்திலிருந்து ஈடுசெய்யும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஊருக்கு இரண்டு காரியதரிசிகள் வேண்டும். நம் இலக்கிய வட்டங்கள் பெரும்பாலும் கருத்து வேற்றுமையால் செத்ததில்லை. நடத்தி வந்த ஒரே ஆசாமிக்கு மாற்றல் உத்தரவு வந்ததனால் செத்தன. ஐந்து ஊர் கைகோத்து நின்றால் ஒருவர் போனாலும் வட்டம் அறுந்துபோகாது.

ஜனங்கள் கதை கேட்கக் காசு கொடுப்பார்களா என்று சந்தேகப்படுகிறவர்கள் மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் பார்க்கட்டும். கேரளத்தில் வி. சாம்பசிவன் 1960-களில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவையும் டால்ஸ்டாயின் நாடகத்தையும் கதாப்பிரசங்கமாகக் கோயில் திருவிழா மைதானங்களில் சொன்னார். வயல் வேலை செய்து வந்தவர்கள் விடிய விடியக் கேட்டார்கள். அதே கேரளத்தில் 1945-இல் பன்னிரண்டு எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதல் போட்டுக் கோட்டயத்தில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, எழுத்தாளனுக்கு நூற்றுக்கு முப்பது ராயல்டி கொடுத்தார்கள். எழுத்தாளனுக்குக் கூலி கொடுப்பதும், சாதாரண மனிதன் இலக்கியம் கேட்பதும் ஒரே மண்ணில், ஒரே காலத்தில் நடந்தன. அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

தமிழ்நாடு அரசு 2022-இல் பொருநை, வைகை என்று ஆறுகளின் பெயரால் இலக்கியத் திருவிழாக்களைத் தொடங்கியது. நல்ல காரியம், சந்தோஷம். ஆனால் திருவிழா என்பது வந்து போவது. மாதா மாதம், மழையோ வெயிலோ, அறுபது பேர் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு கதையைக் கேட்கும் பழக்கத்தை எந்த அரசாங்கமும் உண்டாக்கித் தர முடியாது. அது வாசகர்கள் செய்ய வேண்டிய வேலை.

கி. ராஜநாராயணனின் கரிசல் பேச்சை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். புத்தகமே வாங்கியிராத சம்சாரி, பண்டிதர்களுக்கு முன்னால் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு மறுத்துவிட்டு, வாழ்த்துரைகளைக் கேட்க வைத்திருக்கிறோம்.

ஆகவே, அடுத்த முறை உங்கள் ஊரில் ஓர் எழுத்தாளரை அழைக்கப் போகிறவர்கள் ஜவுளிக் கடைக்குப் போக வேண்டாம். ஒரு கவரில் வண்டிச் சத்தத்தையும் சன்மானத்தையும் போட்டு, கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். பிறகு, "வாசியுங்கள், கேட்கிறோம்" என்று சொல்லுங்கள். அவர் சரியாக வாசிக்காவிட்டால் தாராளமாகக் கோபித்துக்கொள்ளலாம். காசு கொடுத்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு.