பரிசு டம்ளரும் டீக்கடை கிளாசும்

மே மாதம் வந்தால் சேரிக்குச் சேரி பேனர் கட்டுகிறோம். பத்தாம் வகுப்பில், பிளஸ் டூவில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைகளின் படம். பக்கத்தில் அம்பேத்கர் படம். சாயங்காலம் பாராட்டு விழா, சால்வை, ஷீல்டு. நடத்துகிறவர்கள் நம்ம தோழர்கள்தான். நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் இந்தச் சடங்கை நாம் யாரிடமிருந்து எடுத்துவந்தோம், அது யாருக்கு வேலை செய்கிறது என்று பேசியாக வேண்டும்.

என்னிடமும் ஒரு டிரங்குப் பெட்டி நிறையச் சான்றிதழ்கள் கிடக்கின்றன. கட்டுரைப் போட்டி, திருக்குறள் ஒப்புவித்தல், கணக்கில் நூற்றுக்கு நூறு, கடைசியாகப் பட்டச் சான்றிதழ். அவற்றோடு ஒரு எவர்சில்வர் டம்ளர். ஏழாம் வகுப்பில் முதல் மார்க்குக்காக ஊர்ப் பண்ணையார் தன் அப்பா பேரில் வைத்திருந்த பரிசு. டம்ளரில் பொறித்திருப்பது அவருடைய அப்பா பேர். என் பேர் இல்லை. விளிம்பை ரெண்டு விரலால் பிடித்து, என் கை படாமல், கைக்குள்ளே விட்டார். அந்த ஊர் டீக்கடையில் அன்றைக்கு எங்களுக்குத் தனி கிளாஸ். குடித்துவிட்டு நாங்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். ஒரே ஊர், ஒரே ஆட்கள், ரெண்டு பாத்திரம். ஒன்றுக்குப் பேர் திறமை, இன்னொன்றுக்குப் பேர் தீட்டு.

மேடையில் அவர் பேசினதுதான் முக்கியம். ஊர்ப் பையன்களைப் பார்த்து, "சேரிப் பையனே இவ்வளவு படிக்கிறான், உங்களுக்கு என்னடா கேடு?" என்றார். எங்கள் தெருப் பையன்களைப் பார்த்து, "இவன் படிக்கலையா? உங்களை யாருடா தடுத்தது?" என்றார். ஒரு டம்ளரில் ரெண்டு வேலை. அவர்களை உசுப்பிவிடுகிறது, நம்மைக் குற்றவாளி ஆக்குகிறது. நடவுக்கும் செங்கல் சூளைக்கும் பிள்ளைகளை யார் இழுத்துப் போனார்கள் என்ற கேள்வி அந்தக் கைத்தட்டலில் அமுங்கிப்போகிறது. பரிசு நமக்கில்லை தோழர்களே. 'எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று அவர்களே அவர்களுக்குக் கொடுத்துக்கொள்ளும் நற்சான்றிதழ் அது.

அந்தப் பெட்டியின் அத்தனை காகிதங்களோடும்தான் வங்கிக்குள் போனேன். கவுன்டருக்குப் பின்னால் எனக்கு ஒரே பேர்: "கோட்டா". இவர்கள் பூஜை போடும் தகுதி, திறமையைக் கணக்குப் பார்ப்போம். கணக்குப் பார்ப்பதுதானே என் தொழில். 2019 ஜனவரியில் முன்னேறிய சாதி 'ஏழைகளுக்கு' 10 சதவீதம் கொடுத்து அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குக் கீழே இருந்தால் ஏழையாம்! அதே ஆண்டு ஜூலையில் பாரத ஸ்டேட் வங்கியின் எழுத்தர் முதல்நிலைத் தேர்வு முடிவு வந்தது. தமிழ்நாட்டில் கட்-ஆஃப்: பொதுப்பிரிவு 61.25, பிற்பட்டோர் 61.25, பட்டியல் சாதி 61.25. முன்னேறிய சாதி ஏழைகளுக்கு 28.5. திறமை செத்துப்போச்சு என்று எவனாவது தெருவில் இறங்கினானா? மார்க் குறைவு என்பது அவர்களுக்கு எந்தக் காலத்திலும் பிரச்சினையில்லை. யார் மார்க் என்பதுதான் பிரச்சினை.

சரி, மார்க் நிறைய வாங்கினால் விட்டுவிடுவார்களா? 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா வேலைக்கு வந்த அம்பேத்கருக்குத் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பேரை மறைத்துத் தங்கினார். கம்புகளோடு வந்து விரட்டினார்கள். 2017இல் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், 1200க்கு 1176 எடுத்தாள். அந்த மார்க் செல்லாது, நீட் மார்க்தான் செல்லும் என்று ஆடுகளத்தையே மாற்றினார்கள். அவளை இழந்தோம். 2016 ஜனவரியில் ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் ரோகித் வெமுலாவை இழந்தோம். தனக்கு ஏழு மாத உதவித்தொகை பாக்கி என்று கடைசிக் கடிதத்தில் கணக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். இவர்களில் யாருக்குத் திறமை பத்தவில்லை? சான்றிதழ் கேடயமாகாது. நம் பிள்ளைக்குப் பின்னால் ஒரு கூட்டம் நிற்கிறதா, அதுதான் கேடயம்.

அதற்காக மார்க்கே வேண்டாம், பட்டமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்கிறவன் நம்மை மறுபடி வயக்காட்டுக்கு அனுப்பப் பார்க்கிறான். படிக்கணும், பட்டம் வாங்கணும், சண்டை போட்டு வாங்கணும். பரிசின் அர்த்தத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

அதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. சிறுவன் அம்பேத்கர் ஒரு தேர்வில் தேறியபோது நம் மக்கள் கூட்டம் போட்டுப் பாராட்ட விரும்பினார்கள். அப்பா ராம்ஜி தயங்கினார். ஒரு பரிட்சைதானே, பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று நினைத்தார். கூட்டம் நடந்தது. தாதா கேளுஸ்கர் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். அந்தப் புத்தகம் ஒரு பையனோடு நிற்கவில்லை. 1956 அக்டோபரில் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு போய்ச் சேர்ந்தது. அந்த டம்ளரோ இன்னும் என் பெட்டியில்தான் கிடக்கிறது.

ஆகவே தோழர்களுக்குச் சொல்கிறேன். அடுத்த மே மாதம் ஷீல்டுக்குப் போகும் காசை நிறுத்துங்கள். ரிசல்ட் வந்த அன்றைக்கே பெயிலான பிள்ளைகளின் வீட்டுக்கு முதலில் போங்கள். துணைத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள், மாலைப் பள்ளியில் உட்காரவையுங்கள். சாதிச் சான்றிதழுக்குத் தாலுக்கா ஆபீசிலும், உதவித்தொகைக்குக் கல்லூரியிலும் கூடப்போய் நில்லுங்கள். வெளியூர் ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளையின் கையில் மூன்று தோழர்களின் போன் நம்பர் இருக்கட்டும். மேடை போட்டால் முதல் மார்க்கும் பெயிலும் ஒன்றாக ஏறட்டும், ஆளுக்கொரு புத்தகம் கொடுங்கள். தலைமை தாங்க ஊர்ப் பெரிய மனிதர் எவரும் வேண்டாம். அந்தப் பிள்ளையைப் படிக்கவைத்த களையெடுக்கும் கை, மலம் அள்ளிய கை, மேடையேறட்டும்.